நேரலையில் அன்னாசி விற்கும் மாவட்டத் தலைவர்: சீனாவில் எழும் அறக் கேள்விகள்

சீனாவில் மாவட்டத் தலைவர்களும் மேயர்களும் கைபேசிக் கேமரா முன் உட்கார்ந்து ஊர்ப் பொருளை விற்பது 2020 முதல் சாதாரணக் காட்சியாகிவிட்டது. அன்னாசி, கருங்காளான், தேயிலை, வாத்துக் கழுத்து என்று பட்டியல் நீளும். பார்ப்பவர்களில் சிலர் 'மக்களுக்காக இறங்கி வேலை செய்கிற அதிகாரி' என்று மெச்சுகிறார்கள். வேறு சிலர் 'கமிஷன் எவ்வளவோ' என்று சந்தேகப்படுகிறார்கள். இரண்டு தரப்பும் அந்த அதிகாரி நல்லவரா கெட்டவரா என்றுதான் பார்க்கின்றன. ஒரு யுவான்கூடத் தொடாத, நல்லெண்ணம் மட்டுமே கொண்ட அதிகாரி விற்றாலும் சில சிக்கல்கள் அப்படியே இருக்கும். அவை அவர் வகிக்கும் பதவியிலிருந்தே பிறப்பவை. இந்தக் கட்டுரை அவற்றைப் பற்றியது.

## நேரலை விற்பனை: சில அடிப்படைகள்

தொலைக்காட்சி விற்பனை நிகழ்ச்சியும் இணையக் கடையும் ஒரே திரையில் சேர்ந்தால் அது நேரலை விற்பனை. தொகுப்பாளர் பேசிக்கொண்டே இருப்பார். திரையின் ஓரத்தில் பார்வையாளர்களின் கேள்விகள் மேலேறி மறையும். கீழே ஒரு சிறு கூடைக் குறி இருக்கும். அன்னாசியை நறுக்கி, ஒரு துண்டைக் கேமராவுக்கு அருகே கொண்டுபோய், சாறு சொட்டுவதைக் காட்டி, கடித்துவிட்டு விலையைச் சொல்வார். 'மூன்று, இரண்டு, ஒன்று, லிங்க் போடுங்க!' என்றதும் கூடையில் பொருள் தோன்றும். விரலால் ஒரு தொடுதல், பணம் போய்விடும். யோசிக்க நேரம் தராத இந்த அவசரம்தான் இந்த வியாபாரத்தின் பலம்.

இதில் பங்கேற்பவர்கள்:

1. வணிகர். பொருளுக்குச் சொந்தக்காரர். பெரும்பாலும் விவசாயியே நேராக வருவதில்லை. கூட்டுறவோ, கொள்முதல் செய்து பெட்டியில் அடைத்து அனுப்பும் நிறுவனமோ விற்பவராக இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.
2. தொகுப்பாளர். தொழில்முறைத் தொகுப்பாளருக்கு வழக்கமாக இரண்டு வருமானங்கள் உண்டு. பொருளை நிகழ்ச்சியில் காட்டுவதற்கே வாங்குவது இடக் கட்டணம். விற்ற தொகையில் சதவீதமாக வாங்குவது கமிஷன்.
3. தளம். தாவ்பாவ், டோயின், குவாய்ஷோ, பின்துவோதுவோ போன்ற செயலிகள். எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் கண்ணில் காட்டுவது என்பது இவற்றின் கையில்.
4. வாங்குபவர். பெரும்பாலும் தொலைதூர நகரத்தில் இருப்பவர். பொருளைத் தொட்டுப் பார்க்க வழியில்லாதவர்.

அதிகாரி வந்து உட்காருவது இரண்டாவது நாற்காலியில். அவர் இடக் கட்டணமோ கமிஷனோ வாங்குவதில்லை என்பது பொது எதிர்பார்ப்பு. பிரபலத் தொகுப்பாளர்களுக்குக் கொடுக்க வக்கில்லாத சிறு உற்பத்தியாளர்களுக்கு இது பெரிய ஆறுதல்.

நிர்வாகச் சொல் ஒன்று: சீனாவில் மாகாணத்துக்குக் கீழே பெருநகர நிர்வாகம், அதற்குக் கீழே மாவட்டம். மாவட்டத் தலைவர் என்பவர் அந்த மாவட்ட அரசின் தலைமை நிர்வாகி. பல மாவட்டங்களில் நேரலைக்கு வந்து புகழ் பெற்றவர்கள் துணைத் தலைவர்கள்.

## அதிகாரிகள் திரைக்கு வந்த கதை

தொற்றுநோய்தான் இதைத் தொடங்கி வைத்தது என்று சொல்லப்படுவது பாதி உண்மை. இணைய வணிக நிறுவனமான அலிபாபா 2019-லேயே கிராமத்தினரைத் தொகுப்பாளர்களாக்கும் திட்டத்தைத் தொடங்கிவிட்டது. 2020 தொடக்கத்தில் சாலைகள் அடைக்கப்பட்டு, மொத்த வியாபாரிகள் வராமல், விளைச்சல் தோட்டத்திலேயே தேங்கியபோது அந்த ஏற்பாடு கைக்கு உதவியது. குவாங்டொங் மாகாணத்தின் தென்கோடியில், லெய்சோ தீபகற்பத்தில் இருக்கிறது சூவென் மாவட்டம். சீனாவில் விளையும் மூன்று அன்னாசிகளில் ஒன்று அந்த ஊர்ப் பழம் என்பார்கள். 2020 பிப்ரவரியில் அதன் மாவட்டத் தலைவர் பின்துவோதுவோ நேரலையில் அன்னாசி விற்றார். அடுத்தடுத்து மற்றவர்களும் வந்தார்கள். அந்த ஆண்டின் முதல் காலாண்டில் மட்டும் 40 லட்சத்துக்கு மேற்பட்ட விற்பனை நேரலைகள் நடந்தன என்றும், 100-க்கு மேற்பட்ட மாவட்டத் தலைவர்களும் மேயர்களும் பங்கேற்றார்கள் என்றும் சீன வணிக அமைச்சகம் கணக்குச் சொன்னது.

ஏப்ரல் மாதம் இரண்டு நிகழ்வுகள் நடந்தன. ஏப்ரல் 8 அன்று வூகான் நகரின் முடக்கம் நீங்கியது; அதையொட்டி அந்நகரத் துணை மேயர் ஒருவர் டோயினில் நகரின் பேர்பெற்ற தின்பண்டங்களை விற்றார். ஏப்ரல் 20 அன்று அதிபர் ஷி ஜின்பிங் ஷான்ஷி மாகாணத்தின் ஜாஷுய் மாவட்டத்துக்குப் போய், கருங்காளான் வளர்க்கும் ஜின்மி கிராமத்தைப் பார்வையிட்டு, வேளாண் பொருட்களை விற்க இணைய வணிகத்துக்கு நல்ல எதிர்காலம் உண்டு என்றார். நாட்டின் அதிபரே சொன்ன பிறகு கேமரா முன் உட்காரத் தயங்கும் மாவட்ட அதிகாரி யார்? ஜூலையில் நேரலை விற்பனையாளர் என்பது அரசின் தொழிற்பட்டியலிலும் இடம்பிடித்தது.

பின்னணியில் இன்னொரு அழுத்தமும் இருந்தது. 832 மாவட்டங்களை வறுமைப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும், 2020-க்குள் முடிக்க வேண்டும் என்பது இலக்கு. உள்ளூர் அதிகாரிகளின் செயல்பாடு அதைக் கொண்டே அளக்கப்பட்டது. விற்ற பெட்டிகளின் எண்ணிக்கை பளிச்சென்று காட்டக்கூடிய சாதனை. இந்தக் கணக்குதான் நேரலை வழக்கத்தைத் தொற்றுநோயைத் தாண்டியும் உயிரோடு வைத்திருந்தது.

## நிகழ்ச்சியில் உண்மையில் விற்கப்படுவது

வாங்குபவருக்குப் பழத்தின் தரம் தெரியாது. கடைக்காரரைத் தெரியாது. போலி ஊர்ப் பெயரில் பொருள் வருவது சீனாவில் புதிதல்ல. எங்கோ வளர்ந்த நண்டைச் சில நாள், நண்டுக்குப் பேர்பெற்ற யாங்செங் ஏரியில் முக்கியெடுத்து, அந்த ஏரி நண்டு என்று விற்பதற்கு 'குளித்த நண்டு' என்று பட்டப்பெயரே உண்டு. இந்தச் சூழலில் மாவட்டத் தலைவர் திரையில் தோன்றி 'இது எங்கள் ஊர்ப் பழம்தான்' என்று சொன்னால், வாங்குபவரின் சந்தேகம் ஒரே நொடியில் கரைகிறது. விளம்பரத்துக்குச் செலவு செய்யாமல், பல ஆண்டு பெயர் எடுக்காமல், வணிகருக்கு நம்பகம் கிடைக்கிறது.

அந்த நம்பகம் தனிமனிதருடையது அல்ல. அவர் அழகாகப் பேசுகிறார் என்பதற்காக மட்டும் யாரும் வாங்குவதில்லை. 'அரசாங்கமே சொல்லும்போது ஏமாற்ற மாட்டார்கள்' என்ற நினைப்புதான் விரலைக் கூடைக் குறிக்கு நகர்த்துகிறது. ஆக, விற்பனைக்கு வைக்கப்படுவது அரசின் பெயர். பழம் அழுகியிருந்தால் கடைக்காரர் வேறு பெயரில் இன்னொரு கடை திறந்துகொள்ளலாம். மாவட்ட அரசுக்கு அந்த வசதி இல்லை.

அதிகாரி நேர்மையானவரா என்ற கேள்வி முக்கியம்தான். ஆனால் பொதுச்சொத்தான இந்த நம்பகத்தை யாருக்கு, எந்த அளவுகோலில், எவ்வளவு காலத்துக்குக் கொடுக்கலாம் என்பது அதைவிட ஆழமான கேள்வி. மற்றவை எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

## கேள்வி 1: புகார் யாரிடம் போகும்?

ஒரு கற்பனைப் பெட்டியைப் பின்தொடர்வோம். தெற்கே ஒரு மாவட்டத்தில் நேரலையில் விற்ற அன்னாசிப் பெட்டி வடக்கே ஒரு நகரத்துக்கு ஐந்து நாளில் போய்ச் சேர்கிறது. திறந்தால் பாதி கறுத்திருக்கிறது. வாங்கியவர் என்ன செய்வார்?

முதலில் திருப்பி அனுப்பப் பார்ப்பார். இணையத்தில் வாங்கிய பொருளைக் காரணம் சொல்லாமலே ஏழு நாளுக்குள் திருப்பலாம் என்று சீன நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் எளிதில் கெடும் புத்தம்புதுப் பொருட்களுக்கு அந்த உரிமை கிடையாது என்று அதே பிரிவு விலக்கும் வைத்திருக்கிறது. அதிகாரிகள் நேரலையில் விற்பதில் பெரும்பங்கு பழமும் காய்கறியும். ஆக, எந்தப் பொருளுக்குச் சட்டப் பாதுகாப்பு குறைவோ அந்தப் பொருளுக்கு அரசின் வார்த்தை கூடுதலாகப் போய் நிற்கிறது. கெட்ட பழம் வந்தால் ஈடு கேட்க உரிமை உண்டுதான்; வழியிலே கெட்டதா, அனுப்பும்போதே கெட்டிருந்ததா என்று வாதாட வேண்டியிருக்கும்.

கடைக்காரர் பதில் சொல்லவில்லை என்றால் 12315 என்ற நுகர்வோர் புகார் எண் இருக்கிறது. தளத்தில் கடை வைத்திருக்கும் வணிகர் மீதான புகாரை, அவர் உண்மையில் வியாபாரம் செய்யும் இடத்தின் மாவட்டச் சந்தைக் கண்காணிப்புத் துறையோ, தளம் பதிவான இடத்தின் துறையோ விசாரிக்கலாம் என்பது 2020-இல் நடப்புக்கு வந்த விதி. முதல் வழியில் புகார் எங்கே போய்ச் சேர்கிறது பாருங்கள். அன்னாசி புறப்பட்ட அதே மாவட்டத்துக்கு. அங்கே சந்தைக் கண்காணிப்புத் துறை என்பது மாவட்ட அரசின் ஓர் உறுப்பு. அதன் தலைவர் யாருக்குக் கீழே வேலை செய்கிறாரோ, அவர்தான் நேரலையில் பழத்தைக் கடித்துவிட்டு 'தேனாய் இருக்கிறது' என்றவர்.

புகாரை விசாரிக்கும் அலுவலர் நேர்மையானவராகவே இருக்கலாம். தன் மேலதிகாரி நாடறியப் பரிந்துரைத்த நிறுவனத்துக்கு எதிராக அறிக்கை எழுதும்போது பேனா கொஞ்சம் தயங்காதா? நேரலைக்கு முன்பே தரப் பரிசோதனை செய்ய வேண்டியதும் அதே துறை. மேலதிகாரி நிகழ்ச்சித் தேதியை அறிவித்த பிறகு 'இந்தச் சரக்கு வேண்டாம்' என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு இருக்கும்? லஞ்சம், கமிஷன் எதுவும் இல்லாமலே கண்காணிப்பு தளர்ந்துபோகும் வழி இது. அதிகாரி நேரலையில் ஆகப் பெரிய சிக்கல் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

## கேள்வி 2: எந்தக் கடைக்கு?

ஒரு மாவட்டத்தில் ஒரே பொருளை நூறு பேர் விற்கலாம். நேரலையில் மேசைமேல் இடம்பிடிப்பது நாலைந்து பெட்டிகள். யாருடைய பெட்டி?

நடைமுறையில் ஆர்டர் குவிந்தால் தாங்கக்கூடிய, குளிர்பதனக் கிடங்கும் பொட்டலமிடும் வசதியும் உள்ள பெரிய நிறுவனமே தேர்வாகும். அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பல்லாயிரம் பெட்டிகளை இரண்டு நாளில் அனுப்பச் சிறு விவசாயியால் முடியாது. ஆனால் 'விவசாயிக்கு உதவி' என்ற பெயரில் நடக்கும் நிகழ்ச்சியின் லாபம் இடையில் உள்ள கொள்முதல் நிறுவனத்தோடு நின்றுவிடும் வாய்ப்பு அதிகம். அந்த நிறுவனம் தோட்டத்தில் என்ன விலை கொடுத்தது என்பதை நேரலையில் யாரும் சொல்வதில்லை. திரையில் தெரிவது வாங்குபவருக்கான விலை மட்டும்.

வூகான் உதாரணத்துக்கு வருவோம். முடக்கத்தில் நொடிந்த நகரத்தைத் தூக்கி நிறுத்த அதன் தின்பண்டங்களைத் துணை மேயர் விற்றதில் யாரும் குறை காணவில்லை. ஆனால் பண்டம் என்பது பொதுப்பெயர், பொட்டலம் என்பது ஒரு நிறுவனத்தின் பெயர். வாத்துக் கழுத்து வூகானின் அடையாளம் என்று சொல்வது ஊர்ப்பெருமை. குறிப்பிட்ட நிறுவனத்தின் வாத்துக் கழுத்துப் பொட்டலத்தைக் கையில் தூக்கிப் பிடிப்பது அந்த நிறுவனத்தின் போட்டியாளர்களைத் தெருவில் நிறுத்துவது. நிர்வாக அதிகாரத்தைப் பயன்படுத்திக் குறிப்பிட்ட வணிகரிடமே வாங்க வைப்பதைச் சீனாவின் ஏகபோக எதிர்ப்புச் சட்டம் தடுக்கிறது. நேரலைப் பரிந்துரை அந்த அளவுக்கான கட்டாயம் அல்ல. ஆனாலும் அதே திசையில் வைக்கும் சின்ன அடிதான்.

இதனால்தான் பல மாவட்டங்கள் தனி நிறுவனப் பெயரை விட்டு, ஊர்ப்பெயரோடு சேர்ந்த பொது முத்திரையை முன்னிறுத்துகின்றன. அது மேலான வழி. ஆனால் கூடைக் குறியைத் தொட்டதும் ஏதோ ஒரு கடைக்குத்தான் பணம் போகிறது. பொது முத்திரைக்கு வங்கிக் கணக்கு கிடையாது.

## கேள்வி 3: எந்தத் தளத்தில்?

இதை அதிகம் பேர் கவனிப்பதில்லை. டோயினில் ஒரு மேயர் தோன்றினால், பழம் வாங்காதவர்கள்கூட வேடிக்கை பார்க்க வருகிறார்கள். புதுப் பயனர்கள், புகழ், அரசோடு நெருக்கம் எல்லாம் தனியார் நிறுவனம் ஒன்றுக்கு இலவசமாகக் கிடைக்கின்றன. 2020 பிப்ரவரியில் தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு விவசாயிகளுக்கு உதவும் பக்கங்களைத் திறந்ததில் நல்லெண்ணம் இருந்தது, வணிகக் கணக்கும் இருந்தது. பதிலுக்குத் தளம் அந்த நேரலையை அதிகம் பேருக்குக் காட்டுகிறது, விலையில் மானியம் தருகிறது. பிறகு அதே தளத்தின் மேல் வரி, தொழிலாளர், நுகர்வோர் தொடர்பான முடிவுகளை எடுக்க வேண்டியவர்களும் அரசு அதிகாரிகள்தான்.

## கேள்வி 4: எண்ணிக்கை எங்கிருந்து வருகிறது?

நேரலை முடிந்ததும் 'இத்தனை லட்சம் பேர் பார்த்தார்கள், இத்தனை டன் விற்றது' என்று செய்தி வரும். மேலிடத்தில் நற்பெயர் வாங்கித் தரும் எண் அது. கீழே இருப்பவர்களுக்கு அது சுமை. துறை ஊழியர்கள் நிகழ்ச்சியைப் பார்த்தாக வேண்டும், ஆளுக்கு இத்தனை பெட்டி வாங்கியாக வேண்டும் என்று இலக்கு வைக்கும் வழக்கம் சில இடங்களில் முளைத்தது. இது வெறும் சடங்காகிவிட்டது என்று 2020-லேயே சீன அரசு ஊடகங்களே கண்டித்து எழுதின.

இதில் மூன்று தனித்தனித் தவறுகள் ஒன்றாய்க் கிடக்கின்றன:

1. ஊழியரின் சம்பளத்தை அவர் விருப்பமின்றி ஒரு வணிகரிடம் கொண்டு சேர்ப்பது.
2. கட்டாய ஆர்டர்களைக் காட்டி வெளி வாங்குபவரை 'எல்லாரும் வாங்குகிறார்கள்' என்று நம்பவைப்பது. 2021 மே 25 முதல் நடப்பிலுள்ள நேரலை விற்பனை விதிகள் பார்வை, விருப்பம், விற்பனை எண்களைப் புனைவதைத் தடை செய்கின்றன.
3. மேலிடத்துக்குப் பொய்க் கணக்குக் காட்டுவது. சந்தையில் உண்மையில் எடுபடாத பொருளை எடுபடுவதாக நினைத்து அடுத்த ஆண்டும் அதையே பயிரிடச் சொல்வார்கள். இந்த மூன்றாவதில் நட்டப்படுபவர் விவசாயி.

மானிய விலையும் இதே ரகம். நேரலையில் அடக்க விலைக்கும் கீழே விற்றால் கூட்டம் வரும். இடைவெளியைப் பொதுப்பணமோ தளமோ நிரப்பும். அடுத்த வாரம் அதே பழத்தைச் சரியான விலைக்கு விற்க வரும் விவசாயி 'அன்றைக்கு அவ்வளவு மலிவாகத் தந்தார்களே' என்ற கேள்வியைச் சந்திக்க வேண்டும்.

## கேள்வி 5: சொந்த ஆதாயம்

இது எளிய கேள்வி, பதிலும் எளிது. அரசு ஊழியர் விதிகளை மீறி லாபநோக்குச் செயலில் ஈடுபடக் கூடாது என்று 2019 ஜூன் முதல் அமலில் உள்ள திருத்தப்பட்ட அரசு ஊழியர் சட்டத்தின் 59-ஆம் பிரிவு சொல்கிறது. கமிஷன் வாங்கினால் குற்றம். பார்வையாளர்கள் திரையில் அனுப்பும் மெய்நிகர்ப் பரிசுகளுக்கும் பண மதிப்பு உண்டு என்பதால் அவற்றையும் வைத்துக்கொள்ள முடியாது. ஹூனான் மாகாணத்தின் அன்ஹுவா மாவட்டத்தில் துணைத் தலைவராக இருந்து, அவ்வூர்க் கருந்தேயிலையை நேரலையில் விற்று நாடறிந்த ஒருவர் பின்னாளில் ஒழுங்கு விசாரணைக்கு உள்ளானார். 'நேரலை அதிகாரி' என்ற சொல்லின் மேல் அது நீண்ட நிழலைப் போட்டது.

சட்டம் சுலபமாகப் பிடிக்க முடியாத ஆதாயம் ஒன்றும் உண்டு, அது புகழ். வடமேற்கே ஷின்ஜியாங் பகுதியில் உள்ள ஜாவோசு மாவட்டத்தின் துணைத் தலைவராக இருந்த ஹெ ஜியாவ்லொங் 2020-இல் சிவப்பு மேலாடை பறக்கப் பனிவெளியில் குதிரை ஓட்டிய காணொளியால் ஒரே இரவில் நாடு முழுக்கத் தெரிந்தவரானார். அடுத்த ஆண்டே அவர் சுற்றுலாத் துறைக்கு மாறினார், நேரலைகளும் தொடர்ந்தன. அவர் மேல் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அவரைப் போன்ற ஒவ்வொருவர் விஷயத்திலும் ஒரு கேள்வி எழும்: பதவியால் சேர்ந்த லட்சக்கணக்கான பின்தொடர்பவர்கள் பதவி மாறும்போது யாரோடு போவார்கள்? கணக்கு அதிகாரியின் பெயரில் இருந்தால் அவரோடு போகும். மாவட்டத்தின் பெயரில் இருந்தால் மாவட்டத்தோடு தங்கும், ஆனால் முகம் மாறியதும் கூட்டம் கலைந்துவிடும். வேலையை விட்டுத் தனியாக விற்பனைக்கு இறங்கினால் அந்தக் கூட்டம் அவருடைய முதலீடு ஆகிவிடும். கணக்கைத் தொடங்கும்போதே எழுதிவைக்க வேண்டிய விஷயம் இது.

## விளம்பரச் சட்டத்தில் உள்ள முடிச்சு

சட்டத்தைப் படிக்கும் யாருக்கும் முதலில் கண்ணில் படுவது இதுதான். சீன விளம்பரச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, அரசு அமைப்புகளின் அல்லது அரசு அமைப்புப் பணியாளர்களின் பெயரையோ உருவத்தையோ, நேராகவோ மறைமுகமாகவோ, விளம்பரத்தில் பயன்படுத்தக் கூடாது என்கிறது. 2015 செப்டம்பர் 1 முதல் நடப்பிலுள்ள வடிவம் இது. 1995-இல் நடைமுறைக்கு வந்த பழைய சட்டத்திலும் அவர்கள் பெயரைப் பயன்படுத்தத் தடை இருந்தது. மீறும் விளம்பரதாரருக்கு 2 லட்சம் முதல் 10 லட்சம் யுவான் வரை அபராதம்.

அப்படியானால் மாவட்டத் தலைவரின் நேரலை எப்படி நடக்கிறது? அது 'விளம்பரம்' ஆகாது என்பது ஆதரவாளர்கள் வாதம். சட்டத்தில் விளம்பரம் என்பது வணிகர் தான் விற்கும் பொருளைப் பற்றிச் செய்யும் வணிக அறிமுகம். அதிகாரி வணிகர் இல்லை, பணம் வாங்கவில்லை, ஊர் நன்மைக்காகப் பேசுகிறார், ஆகவே பொதுநலப் பணி.

இந்த வாதத்தை ஏற்றாலும் மறுத்தாலும் சங்கடம் இருக்கிறது:

- விளம்பரம் என்று கொண்டால்: 9-ஆம் பிரிவுப்படி அது தடை செய்யப்பட்டது. வணிகர் அபராதம் கட்ட வேண்டும்.
- விளம்பரம் இல்லை என்று கொண்டால்: விளம்பரச் சட்டம் வாங்குபவருக்குத் தரும் பாதுகாப்பும் கைவிட்டுப் போகிறது. தான் பயன்படுத்தாத பொருளைப் பரிந்துரைக்கக் கூடாது என்று 38-ஆம் பிரிவு விளம்பர முகங்களுக்குச் சொல்கிறது. உயிரையும் உடல்நலத்தையும் தொடும் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்து தீங்கு நேர்ந்தால், பரிந்துரைத்தவரும் சேர்ந்து பொறுப்பேற்க வேண்டும் என்கிறது 56-ஆம் பிரிவு. உணவுப் பொருள் இதற்குள் வர வாய்ப்பு அதிகம். திரைநட்சத்திரம் ஒருவர் அன்னாசி விற்றால் இந்தக் கடமைகள் அவரைப் பிடிக்கும். மாவட்டத் தலைவர் விற்றால் பிடிக்காது.

யாருடைய சொல்லுக்கு அதிக எடை உண்டோ, அவருக்குப் பொறுப்பு குறைவு என்று ஆகிறது. பதவி மேல் உள்ள நம்பிக்கையை வணிகர் கையில் எடுத்துக்கொள்வதைத் தடுக்கவே 9-ஆம் பிரிவு எழுதப்பட்டது. அதிகாரி தானே முன்வந்து அந்த நம்பிக்கையைத் தருவதைச் சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்க்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. நேரலையின் உள்ளடக்கம் வணிக விளம்பரமாக அமைந்தால் விளம்பரச் சட்டம் பொருந்தும் என்று 2020 நவம்பரில் சந்தைக் கண்காணிப்புத் தலைமை அலுவலகம் வழிகாட்டுதல் தந்தது. எது விளம்பரமாக அமைகிறது என்ற கேள்வியை அது தீர்க்கவில்லை.

## ஆதரவு வாதத்தில் உள்ள வலு

எதிர்ப்புகளை மட்டும் அடுக்கினால் படம் கோணலாகிவிடும். 2020 பிப்ரவரியில் அழுகும் பழத்தை வைத்துக்கொண்டு நின்ற தோட்டக்காரருக்கு மேற்சொன்ன எதுவும் பெரிய கவலையாக இருந்திருக்காது. நெருக்கடியில் வேகமாகக் கிடைக்கும் உதவிக்கு மதிப்பு உண்டு. அரசு சொல்லக்கூடிய, அரசு மட்டுமே நம்பகமாகச் சொல்லக்கூடிய தகவலும் உண்டு: இந்தப் பழம் இந்த மாவட்டத்தில் விளைந்தது, பூச்சிமருந்துச் சோதனையில் இந்த முடிவு வந்தது, இந்த மாதம் இவ்வளவு விளைச்சல். இதைச் சொல்வது அதிகாரியின் வேலைதான்.

கோடு இங்கேதான் விழுகிறது. பொருள் எங்கிருந்து வருகிறது, என்ன சோதனை நடந்தது என்பது தகவல். 'மூன்று, இரண்டு, ஒன்று' எண்ணுவது விற்பனை. முதலாவதில் அதிகாரி தவறினால் ஆவணத்தைக் காட்டிக் கேட்கலாம். இரண்டாவதில் கேட்க எதுவும் இல்லை, 'தேனாய் இருக்கிறது' என்பதைப் பொய் என்று நிரூபிக்க முடியாது. நெருக்கடிக் காலத்தில் இரண்டையும் ஒன்றாகச் செய்ததை ஏற்கலாம். நெருக்கடி முடிந்து, வாரந்தோறும் நடக்கும் வழக்கமான பிறகு அந்தக் காரணம் காலாவதியாகிவிடுகிறது. அப்போது அதிகாரி செய்ய வேண்டிய வேறு வேலைகள் என்ன ஆயின என்ற கேள்வியும் வரும். சாலை, குளிர்பதனக் கிடங்கு, தரப் பரிசோதனைக்கூடம் ஆகியவற்றை நேரலையில் காட்ட முடியாது. ஆனால் அவர் மாற்றலாகிப் போன பிறகும் பழத்தை நகரம் வரை கெடாமல் கொண்டு சேர்ப்பவை அவைதான்.

## நேரலையைப் பார்க்கும்போது கேட்க வேண்டியவை

அதிகாரி நேரலையை முழுக்கத் தடை செய்யலாமா, அனுமதிக்கலாமா என்று கட்சி பிரிவதைவிட, குறிப்பிட்ட நேரலை ஒன்று எப்படி நடந்தது என்று பார்ப்பது பயனுள்ளது.

1. மேசைமேல் வந்த நிறுவனங்கள் எப்படித் தேர்வாயின என்பது முன்கூட்டியே வெளியிடப்பட்டதா? விண்ணப்பிக்க எல்லாருக்கும் வாய்ப்பு இருந்ததா?
2. சரக்கைச் சோதித்தவர்கள் அதே மாவட்ட அரசுக்குக் கீழே வேலை செய்பவர்களா, வெளியாட்களா?
3. புகார் வந்தால் அதை வேறு மாவட்டமோ மேல்நிலை அலுவலகமோ விசாரிக்க ஏற்பாடு உண்டா?
4. விற்ற தொகையில் விளைவித்தவருக்கு எவ்வளவு போனது என்ற கணக்கு உண்டா?
5. திருப்பி அனுப்பியவை, ரத்தானவை கழிந்த பிறகான விற்பனை எண் வெளிவந்ததா? நேரலை நடக்கும்போது திரையில் ஓடும் எண்ணுக்கும் ஒரு மாதம் கழித்து வரும் எண்ணுக்கும் இடையே பெரிய பள்ளம் இருக்கலாம்.
6. கணக்கு யார் பெயரில் இருக்கிறது?

இவற்றில் மூன்றாவதுதான் ஆகக் கடினம், ஆகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுவே. மற்றவற்றை ஒரு சுற்றறிக்கையால் சரிசெய்யலாம். புகாரை வெளியே அனுப்ப வேண்டுமானால் மாவட்டத் தலைவர் தன் அதிகாரத்தில் ஒரு துண்டை விட்டுக்கொடுக்க வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள நுகர்வோர் பாதுகாப்பு நடைமுறை விதிகள், நேரலையில் விற்பவர் தன் உண்மையான பெயரைத் தெளிவாகக் காட்ட வேண்டும், பொருளை வேறொருவர் தருகிறார் என்றால் அவர் பெயர், முகவரி, தொடர்பு விவரத்தையும் சொல்ல வேண்டும் என்கின்றன. மாவட்டத் தலைவர் நடத்தும் நேரலையில் பேசுபவர் யார் என்பதில் யாருக்கும் ஐயம் வராது. பொருளைத் தருபவர் யார் என்று தேட, கூடைக் குறியைத் தொட்டு, கடையின் பக்கத்துக்குப் போய், அடியில் இருக்கும் உரிமப் படத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.